காசம்பட்டியில் காசம் இல்லை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் உரையின் தலைப்பைக் கண்டு இருவர் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒருவர், 'அம்மா, மருத்துவச் சொற்பொழிவுக்கும் நம் வட்டம் இடம் கொடுத்துவிட்டதா?' என்று வினவினார். மற்றவர் என்னோடு பணியாற்றும் பேராசிரியர், வரலாற்றுத் துறையினர். அவர், 'காசம்பட்டி என்பது தோப்பூர் மருத்துவமனையை அடுத்த ஊரா?' என்றார். தோப்பூரில் காசநோய் மருத்துவமனை இருப்பதை மதுரைக்காரர்கள் அறிவார்கள். கேலிக்காக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். படித்தவர்களின் காதில் அந்த ஊர்ப்பெயர் அப்படித்தான் விழுகிறது. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மேலூரில் நின்று வடமேற்கே பார்த்தால் அழகர்மலை தெரியும். நாம் நாளும் காண்பது மலையின் இந்தப் பக்கம். காசம்பட்டி அந்தப் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டத்துள் இருக்கிறது. 1985ஆம் ஆண்டில் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அதுவும் நம் மதுரை மாவட்டத்து ஊர்தான். ஆகவே அயலூர்க் கதை சொல்ல வந்ததாக யாரும் எண்ண வேண்டா. மலை ஒன்றுதான், கோடு மட்டுமே புதிது.

அவ்வூரில் ஒரு சிறு காடு உண்டு. பரப்பு 4.97 எக்டேர், அதாவது பன்னிரண்டு ஏக்கருக்குச் சற்று மிகுதி. நம் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றின் நீர்ப்பிடிப்பு இதைவிடப் பெரிது. அக்காட்டின் பெயர் 'வீரகோயில்'. கோயிலைச் சுற்றியுள்ள காட்டுக்கு அப்பெயர் வந்தது என்று முதலில் நானும் நினைத்தேன். அதற்குப் பின்னர் வருகிறேன். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமிழ்நாடு அரசு, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ் அக்காட்டைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. நம் அரிட்டாபட்டி 2022இல் முதலாவதாக அறிவிக்கப்பட்டதன்றோ? இது தமிழ்நாட்டில் இரண்டாவது. நாளிதழில் அச்செய்தியைப் படித்த அன்று எனக்கு மகிழ்ச்சியைவிட உறுத்தலே மிகுதியாக இருந்தது. காரணம் ஒரு விடைத்தாள்.

ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்போது நான் ஆசிரியப் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. முனைவர் பட்டம் புதிது. என் ஆய்வு முல்லைத் திணை பற்றியது. இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு முல்லையின் கருப்பொருள் பற்றி ஒரு வினா கொடுத்திருந்தேன். மலைக்கு அப்பாலிருந்து பேருந்தில் வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், முல்லை நிலத்துப் பூக்கள் என்று முல்லை, பிடவம், தளவம், கொன்றை ஆகியவற்றை எழுதிவிட்டு, ஐந்தாவதாகக் 'காசா' என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் அதைச் சுழித்து, மேலே 'காயா' என்று எழுதி, ஓரத்தில் 'வழூஉச்சொல்' என்றும் குறித்து, அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அதோடு நின்றிருந்தால் இன்று பேசுவதற்கு ஒன்றுமில்லை. வகுப்பில் அந்தத் தாளை எடுத்துப் படித்தும் காட்டினேன். 'பேச்சு வழக்கைத் தேர்வுத் தாளில் கொண்டுவரலாகாது' என்று ஒரு சிறு சொற்பொழிவு. மாணவர்கள் சிரித்தார்கள். 'காசாம்பு யாருடா, உங்க அத்தையா?' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த மாணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன் என்று உறுதி கூற இயலவில்லை.

இனி அந்தச் சொல்லைப் பார்ப்போம். இலக்கியத்தில் காயா, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துத் தந்த மலர்களுள் அதுவும் ஒன்று. முல்லைப் பாடல்களில் அதன் நீலத்தை மயிலின் கழுத்தோடு ஒப்பிடுவார்கள். பின்வந்த பக்தி இலக்கியத்தில் அந்த நீலம் திருமாலின் மேனியாயிற்று. காயாம்பூ வண்ணன் என்ற தொடரை அறியாத வைணவர் இல்லை. இவை எல்லாம் நூலிலுள்ள செய்திகள். வகுப்பில் நான் திறம்பட நடத்திய செய்திகள்.

நம் ஊர்ப் பேச்சைச் சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். உயிர் என்று நாம் எழுதுகிறோம். உசிரு என்று பேசுகிறோம். முயல் முசல் ஆகிறது. குயவர் குசவர் ஆகிறார். உயரம் ஒசரம் ஆகிறது. இவை கொச்சை என்று தள்ளிவிட்டோம். ஆனால் வாயில் வாசல் ஆனபோது அதைத் தள்ளவில்லை, கவிதையிலும் வைத்துக்கொண்டோம். சங்கப் பாடலில் ஈயல் என்று வருவதுதான் இன்று ஈசல். ஈயல் பறக்கிறது என்று இன்று எவரேனும் எழுதினால் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவோம். எது கொச்சை, எது செம்மை என்பதை ஒலி தீர்மானிப்பதில்லை. யார் வாயில் அந்தச் சொல் இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கன்னடத்தில் உயிருக்கு உசிரு, தெலுங்கில் உசுரு. இத்தகைய இணைகளை வைத்து, இடையில் வரும் சகரமே பழைய நிலை, யகரம் தமிழில் பின்னர்த் தோன்றியது என மொழியியலார் கருதுவர். அவ்வாறாயின் வழுவியது யார்? ஆத்தா சொல்லக் கேட்ட ஒலியை அப்படியே எழுதிய மாணவரா, அதைச் சுழித்த நானா? தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் 'காசா' என்ற சொல் அங்கேயே இருக்கிறது. பொருள், காயா மரம். என் மேசையின்மேல் அந்த அகராதி இருந்தது. புரட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றை அவையில் ஒப்புக்கொள்கிறேன். நான் காயா மரத்தைப் பார்த்ததே இல்லை. முல்லை நிலத்து மரஞ்செடிகளைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதி, பட்டமும் வாங்கி, வகுப்பிலும் நடத்தியவள், அழகர்மலையிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் வாழ்ந்துகொண்டு, அந்த மரத்தின் இலை எப்படியிருக்கும் என்று அறியாதிருந்தேன்.

அதை எனக்குக் காட்டியவர் ஒரு மூதாட்டி. அந்த விடைத்தாள் நிகழ்ச்சிக்கு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, உறவினரோடு அழகர்கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து பழமுதிர்சோலை, அதற்கும் மேலே நூபுர கங்கை என்று மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். பாதையோரத்தில் ஒரு பாட்டி, சிறு சிறு கரிய பழங்களைத் துணியில் பரப்பி வைத்திருந்தார். நாவற்பழமோ என்று பார்த்தால் அளவு மிகச் சிறிது. மிளகைவிடச் சற்றுப் பெரிது. நுனியில் முடி சூட்டியதுபோல் ஒரு சிறு வளையம். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'என்னத்தா, ஒத்தப் பழத்த வச்சு இம்புட்டு நேரம் பாக்குற? தின்னுத்தா' என்றார்.

'இது என்ன பழம் பாட்டி?'

'காசாம்பழம்த்தா. அந்தா நிக்கிதுல்ல, அந்த மரந்தான்.'

அவர் கைகாட்டிய இடத்தில் நின்றதை நான் மரம் என்றே மதித்திருக்கமாட்டேன். பெரும்புதர் என்று சொல்லலாம். எதிரெதிராக அமைந்த தடித்த, பளபளப்பான இலைகள். பூவும் காயும் இளந்தளிரில் அல்லாமல் முற்றிய கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும் இயல்புடையது. பூக்காத காலத்தில் எவர் கண்ணிலும் படாது. பூத்துவிட்டாலோ கிளை முழுவதும் நீலம் பூசியதுபோல் ஆகிவிடும். அதைப் பின்னொரு முறை சென்றபோதுதான் கண்டேன். மயிற்கழுத்து என்று பழம்புலவர் சொன்னது வெறும் அலங்காரம் அன்று; அந்தக் கிளையை நேரில் பார்த்தவர் எழுதியது. மரம் மிகவும் மெதுவாக வளரும். கட்டை இரும்புபோல் உறுதியானது. இலையிலிருந்து மஞ்சட் சாயம் எடுப்பதுண்டு. பழம் துவர்ப்பும் இனிப்பும் கலந்தது. நான் தின்றேன். நாக்கு ஊதா நிறமாயிற்று. உறவினர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாணவரின் குனிந்த தலைதான் நினைவுக்கு வந்தது.

இப்போது ஊர்ப்பெயருக்கு வருகிறேன். உசிலை மரத்தால் பெயர் பெற்றது உசிலம்பட்டி. எட்டி மரத்தால் எட்டிமங்கலம். கக்கன் அவர்கள் பிறந்த தும்பைப்பட்டிக்குத் தும்பை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காசாங்காடு என்று ஓர் ஊர் உண்டு. இவற்றோடு வைத்துப் பாருங்கள். காசா மரம் நிற்கும் பட்டி காசாம்பட்டி. பேச்சில் நெடில் குறுகிக் காசம்பட்டி. இது என் துணிபு. மலையடிவாரத்துக் கோயிலில் காயாம்பூ வண்ணன். மலைக்கு அப்பால் காசா மரத்தின் பெயரால் ஒரு பட்டி. ஒரே மரம்தான். ஒன்று ஆழ்வார் வழியாக வந்தது, மற்றொன்று ஆடு மேய்த்தவர் வழியாக வந்தது.

மறுப்பவர் மறுக்கலாம். காசி என்பதிலிருந்து வந்தது என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதிட்டார். காசிக்குப் போய்வந்த ஒருவர் குடியேறினாராம். நம் நாட்டில் எந்த ஊரும் காசியோடு உறவு கொண்டாடாமல் இருந்ததில்லை. (நம் வட்டத்தின் கேசம்பட்டி அன்பர்கள் இங்கு இருப்பின், தங்கள் ஊர்ப்பெயரைக் கேசத்தோடு இணைத்துப் பொருள் சொல்லும் தமிழாசிரியர்களை அருள்கூர்ந்து மன்னிக்கவும். அந்தப் பெயரை ஆராய இன்னொரு மாலைப் பொழுது வேண்டும்.)

நம் புலவர்கள் மலர்களின் பெயரைப் பாட்டில் தொகுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மரங்களின் பெயரை நிலத்தின்மேலேயே எழுதி வைத்தார்கள். பாட்டுக்கு உரை எழுதினோம். நிலத்தின்மேல் எழுதியதைப் படிக்கவும் மறந்தோம். மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடம்பவனம் என்ற பெயர் இருக்கிறது, வனம் இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் காய்ந்த கடம்ப மரத்தின் அடித்தண்டு ஒன்றைப் போற்றிக் காத்து வருகிறோம். அதைக் கும்பிட்டுச் செல்பவர்களில் பூத்த கடம்பைப் பார்த்தவர் எத்தனை பேர்?

காசம்பட்டிக் காடு அவ்வாறு ஆகவில்லை. சென்ற ஆண்டு, அறிவிப்பு வந்து சில மாதங்கள் கழித்து, உடன் பணியாற்றும் இருவரோடு அங்குச் சென்றேன். மாந்தோப்புகளினூடே வழி. ஒருபுறம் அழகர்மலைக் காப்புக்காடு மேகம் தொட்டு நிற்கிறது. அதன் காலடியில், தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைபோல் இந்தச் சிறு காடு. தொலைவிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அருகில் சென்றால் வேறுபாடு தெரியும். மாந்தோப்பில் மரங்கள் வரிசையில் நிற்கும். அடியில் உழுத மண். இங்கு வரிசை இல்லை, உழவு இல்லை. கொடி மரத்தின்மேல் ஏறி, அடுத்த மரத்துக்குத் தாவி, மூன்றாவதில் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறது. மக்கிய சருகு கால்விரல்களுக்கிடையில் மெத்தென்று அழுந்துகிறது. செருப்பை வெளியில் விட்டுவிட்டுத்தான் நுழைந்தோம். வெயில் கொளுத்திய நண்பகல். உள்ளே பத்தடி வைத்ததும் மண்பானைத் தண்ணீரில் முகம் கழுவியதுபோல் இருந்தது.

எங்களுக்கு வழிகாட்ட வந்த பெரியவரிடம், 'ஐயா, கோயில் எங்கே இருக்கிறது?' என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். 'கோயிலுக்குள்ளதானத்தா நிக்கிறீக' என்றார்.

இதைத்தான் முன்னரே சொல்வதாகக் குறிப்பிட்டேன். வீரகோயில் என்பது காட்டுக்குள் இருக்கும் ஒரு கட்டடத்தின் பெயர் அன்று, காட்டின் பெயர். அவர்களுக்குக் காடுதான் கோயில். இதில் வியப்படைய ஒன்றும் இல்லை. கோ வாழும் இல் கோயில் என்று நாமே வகுப்பில் பிரித்துச் சொல்கிறோம். வீரன் வாழும் இல்லம் அந்தப் பன்னிரண்டு ஏக்கர். மலையின் இந்தப் பக்கம் வாருங்கள். பழமுதிர்சோலை என்கிறோம், திருமாலிருஞ்சோலை என்கிறோம். இரண்டும் சோலையின் பெயர்கள். தெய்வத்தின் பெயரும் அல்ல, கட்டடத்தின் பெயரும் அல்ல. கோபுரமும் மதிலும் பின்னர் வந்தவை. இடையபட்டியில் உசிலை மரங்கள் மிகுந்த வெள்ளிமலைக் காட்டைக் கோயில்காடு என்றுதான் மக்கள் வழங்குகிறார்கள். மேலூர் வட்டாரத்தில் கோயில், காடு என்ற இரண்டு சொற்களும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது.

அரசின் குறிப்பில் கணக்கு இருக்கிறது: தாவர வகை 48, புதர்கள் 22, கொடிகள் 21, பூண்டுகள் 29, பறவைகள் 12க்கு மேல், சிறு விலங்குகளும் ஊர்வனவும் பூச்சிகளும் வேறு. கணக்கெடுத்தவர்களை நான் மதிக்கிறேன். வெயிலில் நின்று எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்டை அதுவரை காத்தது எண்ணிக்கை அன்று. அங்குள்ளது வீரனுடையது, நம்முடையது அன்று என்ற ஒரே எண்ணந்தான். சுற்றிலும் நிலம் எல்லாம் தோப்பாகவும் வயலாகவும் மாறிய பின்னும் அந்தப் பன்னிரண்டு ஏக்கருக்குள் கோடரி நுழையாததற்கு வேறு காவல் ஏதுமில்லை.

இங்கே ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். கோயில்காடுகளுக்கு அந்நியரால் வரும் கேட்டைவிட அன்பரால் வரும் கேடு பெரிது. வெளியூரில் பொருள் ஈட்டிய ஒருவர் குலதெய்வத்துக்கு நன்றி செலுத்த வருகிறார். சாமி வெயிலில் நிற்கிறதே என்று மனம் இரங்குகிறார். சிமெண்டுக் கூரை வருகிறது. கூரைக்குத் தரை வேண்டும். வழவழவென்று கற்கள் பதிக்கிறார்கள். மகிழுந்து நிறுத்த இடம் வேண்டும். நான்கு மரம் போகிறது. குடமுழுக்குக்குப் பந்தல் போட இன்னும் ஆறு. முடிவில் கோயில் இருக்கும்; காடு இராது. எத்தனையோ ஊர்களில் இது நடந்திருக்கிறது. செய்தவர் எவரும் தீயவர் அல்லர். கோயில் என்றால் கட்டடம் என்று நாம் அவர்களுக்குக் கற்பித்ததுதான் தீமை.

பெயர் மாறினால் என்ன நேரும் என்பதை மேலூருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, அதில் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்று இருந்தது. பரப்பு 2015.51 எக்டேர், ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர். ஒரு சிற்றூரின் பெயரை அவ்வளவு நிலத்துக்கும் போர்த்தியிருந்தார்கள். போர்வையை விலக்கிப் பார்த்தபோதுதான் உள்ளே அரிட்டாபட்டி இருந்தது; எட்டிமங்கலம் இருந்தது; அ. வல்லாளபட்டி இருந்தது, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழிக் கல்வெட்டைத் தாங்கிய கழிஞ்சமலை இருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 எக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயரும் ஏலத்தின் தலைப்பில் இல்லை.

பின் நடந்ததை இந்த அவை அறியும். டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள்; இங்கு அமர்ந்திருப்பவர்களில் பலர் நடந்தீர்கள். சனவரி 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை நீக்கியதாக அறிவித்தது. அந்த நாள்களில் நான் கவனித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேடையில் பேசியவர்கள் சட்டம் பேசினார்கள்; சுற்றுச்சூழல் பேசினார்கள். கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் பெயர் சொன்னார்கள். 'எங்க தேன்கூட்டு மலை போயிருமா?' 'கழுகுமலைக்கு என்னத்தா ஆகும்?' தொகுதி என்ற சொல்லை அவர்கள் ஒருமுறையும் உச்சரிக்கவில்லை. ஒவ்வொரு குன்றையும் சுனையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், காணாமற்போன பிள்ளையைத் தெருத்தெருவாகக் கூப்பிடுவதுபோல. பெயர் தெரியாத ஒன்றுக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள்.

ஆகவேதான் ஊரார் இடும் விந்தையான பெயர்களை நான் இப்போது அஞ்சி அஞ்சித் தொடுகிறேன். காசம்பட்டியை நாளை யாரேனும் ஓர் அன்பர், நோயின் பெயர் நன்றாக இல்லை என்று வேறு பெயராக மாற்ற முனையக்கூடும். வீரகோயிலுக்குப் 'புனித வனம்' என்ற பெயர் ஆவணங்களில் ஏற்கெனவே வந்துவிட்டது. அரசின் பலகை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சட்டத்தின் பெயர் இல்லாத காட்டை இக்காலத்தில் யார் வேண்டுமானாலும் புறம்போக்கு என்று எழுதிவிடலாம். பலகை இருக்கட்டும். அதில் ஊரார் வழங்கும் பெயர் முதல் வரியிலும் மற்றவை அதன் கீழும் இருக்கட்டும். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்க உரிமையுண்டென்றால் அது இது: ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊரின் கோயில்காட்டின் பெயரை, காட்டுக்குள் இருக்கும் மரங்களின் பெயரை, அங்குள்ள முதியவர் எப்படி ஒலிக்கிறாரோ அப்படியே எழுதி வாருங்கள். திருத்தாமல் எழுதி வாருங்கள். திருத்துவதற்கு என்னைப் போன்றோர் நிறையப் பேர் இருக்கிறோம்.

அந்த மாணவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். காசம்பட்டியிலிருந்து திரும்பியதும் அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தேன். வேறொரு மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறார். என் குரலைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார். நலம் விசாரித்த பின், காசம்பட்டிக்குச் சென்றதையும் காசா மரத்தையும் சொல்லி, 'அன்று நீங்கள் எழுதியதுதான் சரி. நான் அடித்தது தவறு' என்றேன். அந்த அரை மதிப்பெண் அவருக்கு நினைவிருக்குமோ என்ற ஐயம் இருந்தது. நினைவிருந்தது.

'அட, அத விடுங்கம்மா' என்று சிரித்தார். 'எங்க ஆத்தா காசான்னுதான் சொல்லும். நீங்க சொன்னதுக்கப்புறம் ஒரு நாளும் நான் அப்படி எழுதினது இல்ல.' சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: 'போன வருசங்கூட இங்க ஒரு பொண்ணு பரீட்சைல முசல்னு எழுதியிருந்துச்சு. சுழிச்சு, அரை மார்க்குக் குறைச்சுட்டேம்மா.'